அல்டிமேட் ஃபைட்டர்: நீங்க எந்த சீசன் பாத்தீங்க, எந்தக் காட்சி இன்னும் மண்டைக்குள்ள ஓடுது?

கட்டபெட்டு சென்சாய்

தெரிஞ்சவங்களுக்கான திரி இது. யூஎஃப்சிங்கற கூண்டுச் சண்டைக் கம்பெனி, சண்டைக்காரங்கள ரெண்டு கோச்சுக்குக் கீழ பிரிச்சு, ஒரே வீட்டுல தங்க வச்சு மோத விடற டிவி நிகழ்ச்சி, ஜெயிச்சா ஒப்பந்தம், அவ்ளோதான். டேனா ஒயிட் யாரு, லாஸ் வேகாஸ் வீட்டுல ஏன் போன் கிடையாதுன்னெல்லாம் நான் விளக்கப் போறதில்ல. சீசன் முப்பதைத் தாண்டிடுச்சு, எல்லாத்தையும் உக்காந்து பாக்க ரிட்டயர் ஆனவங்களுக்குக்கூட நேரம் பத்தாது. எதப் பாக்கறது, எத விடறதுன்னு கேக்கத்தான் வந்தேன். அதுக்கு முன்னாடி என் கதை.

கோத்தகிரி பக்கம் கராத்தே கிளாஸ் எடுக்கறேன். ஐப்பசி மழை. எங்க பக்கம் ஊட்டி மாதிரி இல்ல, வடகிழக்குதான் வெளுத்து வாங்கும். மைதானம் சேறு. சரி, பசங்களுக்கு எதாவது காட்டலாம்னு சமுதாயக் கூடத்து டிவில சீசன் 17 போட்டேன். ஜோன்ஸ், சோனன் கோச்சா இருந்த சீசன். உரையா ஹால் உதை வர்ற எபிசோடு. ஆடம் செல்லா எதிர்ல நிக்கறார், ஹால் ஒரு சுத்து சுத்தி குதிகாலால காதோரமா ஒண்ணு வைக்கறார். அவ்ளோதான், செல்லா மரம் மாதிரி சாஞ்சுட்டார். கூண்டைச் சுத்தி நின்னவங்க மொத்தமா வாயடைச்சுப் போனாங்க. எங்க பசங்க மட்டும் கூரை இடிஞ்சு விழற மாதிரி கத்துனாங்க.

அப்ப ஒரு பையனைக் கூட்டிட்டுப் போக வந்த அம்மாச்சி, டான்டீ தேயிலைத் தோட்டத்து லைன்ல இருக்கறவங்க, ரெயின்கோட்ட கழட்டாம வாசல்ல நின்னு பாத்துட்டு இருந்தாங்க. அவங்க சொன்னது இது:

"அடிச்ச பயலுக்கு காலு மேல வாறதுக்கு முந்தியே இடுப்பு திரும்பிருச்சே சார். மத்தவன் எங்க பாத்துக்கிட்டு நிக்கிறான்? மூஞ்சியவா?"

நான் ரிமோட்ட எடுத்துப் பின்னாடி ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் போட்டேன். இடுப்பு திரும்புது. தோள் திரும்புது. அதுக்கப்புறம்தான் கால் தரையை விடுது. செல்லாவோட கண்ணு ஹாலோட முகத்துல. பசங்க டிவிய விட்டுட்டு அம்மாச்சியப் பாக்கறாங்க. அவங்களுக்கு அதெல்லாம் பெருசாப் படல. "சரிவுல கொழுந்துக் கூடையோட ஆளு எந்தப் பக்கம் சரியப் போவுதுன்னு இடுப்பப் பாத்தாத்தான் தெரியும்"னு சொல்லிட்டு, பஸ் போயிரும்னு பையனை இழுத்துட்டுக் கிளம்பிட்டாங்க.

பிளாக் பெல்ட் வாங்கற வரைக்கும் எனக்கு இத இவ்ளோ சுருக்கமா சொல்லிக் குடுத்தவங்க கிடையாது.

அப்புறம் அந்த சீசன் ஃபைனல்ல ஹால் தோத்தார், கெல்வின் காஸ்டலம் ஜெயிச்சார், அப்ப அவருக்கு 21 வயசு, மூணு நடுவர்ல ரெண்டு பேர் அவர் பக்கம். எங்க பசங்க இத நம்பவே மாட்டேங்கறாங்க, நான் கதை விடறேனாம். சரி, நீங்க சொல்லுங்க.

அருவங்காடு ஆள்

சென்சாய், 17ல ஆரம்பிச்சதே தலைகீழ். முதல் சீசன் பாக்காதவனுக்கு இந்த நிகழ்ச்சிய பத்திப் பேச லைசென்ஸ் கிடையாது.

என் கதை சின்னது. ஊட்டில ஒரு காலேஜ் ஹாஸ்டல், பேர் வேண்டாம். மார்கழி, புல்லுல உறைபனி. சீனியருங்க தூங்கற பசங்க மேல பக்கெட் தண்ணி ஊத்தற காலம் அது. வேலைக்குப் போனப்புறம் பழைய ரூம்மேட் வீட்டுக்கு வந்தான், சீசன் 1 போட்டேன். கிறிஸ் லெபன் வெளிய புல்வெளில படுத்துத் தூங்கறார். கோஸ்செக் ஹோஸ் பைப்ப எடுத்துட்டு வந்து மேல தண்ணி அடிக்கறார். லெபன் எந்திரிச்சு ஆத்திரத்துல கண்ணாடி, கதவுன்னு உடைக்கறார் பாருங்க, அந்த இடம். என் நண்பன் வாயே தொறக்கல. எந்திரிச்சு வந்து லேப்டாப்ப மூடினான். செருப்பு மாட்டிட்டு வெளிய போயிட்டான். டீ ஆறிப் போச்சு. திரும்பி வந்தப்ப கிரிக்கெட் பத்திப் பேசினான்.

அத விடுங்க. எந்த வரிசைல பாக்கணும்னு இப்ப சொல்றேன், கவனமா கேளுங்க.

சீசன் 1, கட்டாயம். 2005 ஜனவரில ஸ்பைக் டிவில வந்தது. ஃபெர்டிட்டா சகோதரர்கள் 2001ல யூஎஃப்சிய 20 லட்சம் டாலருக்கு வாங்கி, வருஷக்கணக்கா நஷ்டத்துல ஓட்டினாங்க. சேனல்காரங்க காசு போட மாட்டேன்னதால சொந்தப் பணத்துல இந்த நிகழ்ச்சிய எடுத்தாங்க. இது படுத்தா கம்பெனியும் படுக்கும்ங்கற நிலைமை. அதனாலதான் அந்த சீசன்ல எல்லார் மூஞ்சிலயும் ஒரு பசி தெரியும். ஏப்ரல் 9ல ஃபாரஸ்ட் கிரிஃபின், ஸ்டீஃபன் பானர் ஃபைனல். கிரிஃபின் போலீஸ் வேலைல இருந்தவர். மூணு ரவுண்டு ரெண்டு பேரும் பின்வாங்காம அடிச்சுக்கிட்டாங்க, தோத்த பானருக்கும் ஒப்பந்தம் குடுத்தாங்க. அந்தப் பதினஞ்சு நிமிஷம்தான் கம்பெனிய காப்பாத்துச்சுன்னு யூஎஃப்சி தலைவர் டேனா ஒயிட்டே சொல்லிட்டிருக்கார்.

அடுத்து சீசன் 4. ஏற்கனவே யூஎஃப்சில ஆடி ஓரங்கட்டப்பட்டவங்களுக்கு ரெண்டாவது வாய்ப்பு. மேட் செர்ரா ஜெயிச்சு, 2007 ஏப்ரல்ல சாம்பியனா இருந்த ஜார்ஜ் செயின்ட் பியர முதல் ரவுண்டுலயே கவுத்தார். இந்தப் பின்கதை தெரிஞ்சு பாத்தா ஒவ்வொரு எபிசோடும் வேற மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் 5, நேட் டயஸ் சின்னப் பையனா வர்றார். 2, 3 நேரம் இருந்தா பாருங்க. 10 தெருச் சண்டை வீடியோல பேர் வாங்கின கிம்போ ஸ்லைஸுக்காக எல்லாரும் பாத்தது. அவர் ராய் நெல்சன்கிட்ட தோத்ததும் அதுல வேலை முடிஞ்சுது. 18, 20 பொம்பளைங்க வர்ற சீசன், சண்டை போட்டுக்கறதுதான் அதிகம், தாராளமா விட்டுடலாம். ராத்திரி பத்து மணிக்கு மேல பாருங்க, அப்பத்தான் நெட் கிடைக்கும். காதுல ஹெட்போன் போட்டுக்கங்க, வீட்டுல குழந்தைங்க இருந்தா அந்த வார்த்தைங்க காதுல விழக் கூடாது.

மூஞ்சிக்கல் மெடிக்கல்ஸ்

அருவங்காடு அண்ணா, "சண்டை போட்டுக்கறதுதான் அதிகம்"னு சொல்லிருக்கீங்க. நிகழ்ச்சி பேரே ஃபைட்டர்ணா. கண்ணாடிய உடைச்சவரு, ஹோஸ் பைப்ல தண்ணி அடிச்சவரு எல்லாம் ஆம்பளைங்கதானே? அது பசி, இது குழாயடிச் சண்டையா?

கொடைக்கானல்ல மருந்துக் கடைல வேலை பாக்கறேன். சீசன் இல்லாத மாசத்துல சாயங்காலம் நாலு மணிக்கே மூடுபனி கடைக்குள்ள வந்துரும், ஈ ஓட்டணும். போன்ல 20ஆவது சீசன் பாத்துட்டிருந்தேன். பதினாறு பொண்ணுங்க, 52 கிலோ எடை. மத்த சீசன் மாதிரி ஜெயிச்சா ஒப்பந்தம் மட்டும் இல்ல, ஸ்ட்ராவெயிட்டுங்கற அந்த எடைப் பிரிவோட முதல் சாம்பியன் பட்டமே இதுலதான். அதனால முன்னாடியே ஆளுக்கு ஒரு தரவரிசை நம்பர் குடுத்துட்டாங்க.

முதல் சண்டைல ரண்டா மார்கோஸ் 14ஆம் நம்பர், டீசியா டோரஸ் 3ஆம் நம்பர். ரண்டா ஈராக்ல பொறந்து குடும்பத்தோட தப்பிச்சு கனடா போனவங்க. அங்க மருந்துக் கடைல வேலை பாத்தவங்க! எனக்கு உசுரே அங்கதான். அந்த நேரம் பாத்து பிரஷர் மாத்திரை வாங்க ஒரு பெரியவர் வந்தார், பூம்பாறைல பூண்டு போடறவர். "ஒரு நிமிஷம்ங்கய்யா"ன்னேன். என்ன பாக்கறேன்னு கவுன்டர் மேல சாஞ்சு எட்டிப் பாத்தார். கம்பளிலேருந்து பூண்டு வாசனை. சண்டை முடியற வரைக்கும் அப்படியே நின்னு பாத்தார். ரண்டா கைய தூக்கினதும் நம்பர் விவரத்தச் சொன்னேன்.

"பதினாலா? யாரு போட்டது அந்த நம்பர?"ன்னார். கமிஷன் மண்டில அவர் பூண்ட ரெண்டாம் தரம்னு ஒதுக்கின ஆள்கிட்ட கேக்கற மாதிரியே கேட்டார். சில்லறை வாங்கிட்டு வாசல் வரைக்கும் போயி, திரும்பி வந்து, "அடுத்த ஆட்டம் எப்ப?"ன்னு கேட்டுட்டுப் போனார். அடுத்த மாத்திரைக்கு அவர் வரும்போது, ரண்டா ஃபெலிஸ் ஹெரிக்கையும் கையப் பூட்டித் தோக்கடிச்ச எபிசோடத் தனியா எடுத்து வச்சிருந்தேன்.

ஃபைனல் கார்லா எஸ்பார்சாவும் ரோஸ் நமஹூனாஸும். கார்லா ஜெயிச்சாங்க, 2014 டிசம்பர். ரோஸ் பின்னாடி சாம்பியன் ஆனாங்க. 2022ல அதே ரெண்டு பேர் மறுபடி மோதி, கார்லாவே பட்டத்தத் திரும்ப வாங்கினாங்க (அந்தச் சண்டைய மட்டும் பாத்துராதீங்க, ரெண்டு பேரும் அடிக்கவே மாட்டாங்க, தூக்கம் வரும்). சீசன் 18ல ஷேனா பேஸ்லரக் கழுத்த நெரிச்சு ஜெயிச்ச ஜூலியானா பெண்யாதான் 2021ல சாம்பியனா இருந்த அமண்டா நூன்யஸ வீழ்த்தினது. இத விட்டுடலாமாம்!

பெட்ஃபோர்டு பாக்ஸர்

சீசன் 5. கேப் ரூடிகர். கேக்.

அவ்ளோதான் சொல்லணும்னு வந்தேன், ஆனா சொல்லிடறேன். ஸ்கூல்ல 48 கிலோ பிரிவு. எனக்கு அப்ப அம்பத்திச் சொச்சம். கோச் ஒருத்தர் தண்ணியே குடிக்காதன்னார். ரெயின்கோட்டு மேல ஸ்வெட்டர், பெட்ஃபோர்டுலேருந்து சிம்ஸ் பார்க் ஏத்தம். வழில பேக்கரி. காலைல வர்க்கி அடுப்புலேருந்து எடுக்கற நேரம், நெய் வாசனை ரோடு வரைக்கும் வரும். நான் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவேன். கோயம்புத்தூர்ல எடை பாத்தாங்க, தேறிட்டேன். ரிங்ல ஏறினா கால் நடுங்குது, குளிர் இல்ல.

ரூடிகர் சண்டைக்கு முன்னாடி கேக் சாப்பிடறத வீட்டுல எல்லாரும் சிரிச்சுட்டே பாத்தாங்க. அப்புறம் வேர்க்க வைக்கற சானா அறைல முடியாம வெளிய வந்து விழறார், எடை வரல, வீட்ட விட்டு அனுப்பிடறாங்க. எனக்குச் சிரிப்பு வரல. கையில இருந்த வர்க்கிய மட்டும் முழுசா தின்னு முடிச்சேன்.

கூடலூர்காரன்

அருவங்காடு சார் 7 பத்தி ஒரு வார்த்தை சொல்லல, அதனால எழுதறேன். வீட்டுக்குள்ள நுழையவே சண்டை போட்டு ஜெயிக்கணும்னு விதி வந்தது அந்த சீசன்ல. 32 பேர் வந்து பாதிப் பேர் பொட்டியோட ஊருக்குத் திரும்பினாங்க. ஜெயிச்ச அமீர் சதோல்லாவுக்கு அதுக்கு முன்னாடி ஒரு தொழில்முறைச் சண்டைகூட கிடையாது. சி.பி. டாலவேய ஒரே சீசன்ல ரெண்டு தடவ, ரெண்டு தடவயும் கைப்பூட்டு போட்டு முடிச்சார்.

ஏன் ரெண்டு தடவ? ஃபைனலுக்குத் தேர்வான ஜெஸ்ஸி டெய்லர் குடிச்சுட்டு லிமோசின் கண்ணாடிய உதைச்சு உடைச்சார். அதனால அரையிறுதில தோத்த டாலவேக்கு மறுபடி வாய்ப்பு கிடைச்சு ஃபைனலுக்கு வந்தார். எனக்கு மறக்காதது, டேனா ஒயிட் டெய்லர உக்காத்தி வச்சு, நீ ஃபைனல்ல இல்லன்னு சொன்ன காட்சி. நான் பாத்தது ஆடி மாசம், எங்க பக்கம் வானம் பொத்துக்கிட்டு ஊத்திட்டிருக்கு, என் தம்பி அப்பத்தான் இதே மாதிரி ஒரு வேலையால பட்டாளத்துல சேர வேண்டிய வாய்ப்ப விட்டுட்டு வீட்டுல இருந்தான். டெய்லர் அழறப்ப அவன் டிவி சத்தத்தக் கூட்டினான். குறைக்கல, கூட்டினான். ஏன்னு இன்னும் கேக்கல.

2017ல சீசன் 25, பழைய ஆளுங்கள மறுபடி கூப்பிட்டாங்க. டெய்லர் ஒன்பது வருஷம் கழிச்சு வந்து ஜெயிச்சார். தம்பிக்கு போன் பண்ணி சொன்னேன். அப்புறம் ஊக்கமருந்து சோதனைல மாட்டினார், அத அவன்கிட்ட நான் சொல்லல, அவனே தெரிஞ்சுக்கட்டும்.

சென்சாய்க்கு யாரும் சொல்லாத விஷயம்: பல சீசன்ல ஃபைனல் கடைசி எபிசோடுல வராது. அது தனி நிகழ்ச்சியா நேரலைல நடந்தது, "ஃபினாலே"ன்னு போட்டுத் தேடணும். சீசன் மொத்தமும் பாத்துட்டு, யாரு ஜெயிச்சாங்கன்னே தெரியாம முழிச்சவங்க நிறைய. அப்படித் தேடறப்ப தலைப்புலயே முடிவு தெரிஞ்சுரும், பசங்களத் தேட விடாதீங்க. இன்னொண்ணு, வீட்டுக்குள்ள நடக்கறது பெரும்பாலும் ரெண்டு ரவுண்டு, சமமா இருந்தாதான் மூணாவது. அதெல்லாம் காட்சிப் போட்டிக் கணக்கு, ஹாலோட அந்த உதை அவரோட தொழில்முறைக் கணக்குல சேரவே இல்ல. பசங்க பதிவேட்டுல தேடிட்டு, கிடைக்கலன்னு மறுபடி உங்களத்தான் கதை விடறீங்கம்பாங்க.

கட்டபெட்டு சென்சாய்

கூடலூர் தம்பி, அதேதான் நடந்துச்சு! தேடிட்டு வந்து நின்னாங்க. உங்க பதிவ அப்படியே காட்டப் போறேன். சனிக்கிழமை கரன்ட் இருந்தா சீசன் 20 முதல் எபிசோடு. கிளாஸ்ல பொண்ணுங்கதான் பாதிக்கு மேல, அவங்க ஓட்டு அதுக்குத்தான் விழுந்துச்சு. மூஞ்சிக்கல் மேடம், நன்றி.

அருவங்காடு ஆள்

ஓட்டு எடுத்தா கல்வி வராது சென்சாய். கிரிஃபின்-பானர் காட்டாம 20ஆ? மெடிக்கல் தங்கச்சி சொன்னதுல நியாயம் இருக்கு, ரண்டா சண்டைய மட்டும் நானும் பாக்கறேன். ஆனா முதல் சீசன் முதல்லதான். அதுவும் பானர் ஜெயிச்சிருக்க வேண்டிய சண்டை.

பெட்ஃபோர்டு பாக்ஸர்

பானரா? மூணு நடுவரும் 29-28 கிரிஃபினுக்குக் குடுத்திருக்காங்க சார். எந்த ரெண்டு ரவுண்ட பானருக்குக் குடுப்பீங்க, சொல்லுங்க பாப்போம்.

அருவங்காடு ஆள்

ரெண்டாவது ரவுண்டு பாருங்க. கிரிஃபின் மூக்குலேருந்து ரத்தம் கொட்டுது. அது பானருக்கு. மூணாவதும் பானருக்குத்தான்.

பெட்ஃபோர்டு பாக்ஸர்

மூணாவது எப்படி சார்? பானருக்குக் கையத் தூக்கவே தெம்பு இல்ல அதுல. ராத்திரி பத்து மணிக்கு மேல நெட் வந்ததும் ஹெட்போன மாட்டிக்கிட்டு மறுபடி ஒருக்கா பாத்துட்டு வாங்க, நான் இங்கதான் இருக்கேன்.