திருப்பூர் பனியன் ஜெர்மனி போகும் வழி: முப்பது வருடத்தில் என்ன மாறியது?

அவிநாசி டீச்சர்:

வணக்கம். அவிநாசி பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். உலக வணிகம் பற்றிப் பாடம் நடத்தும்போது செயற்கைக்கோள், இணையம், உலகம் சுருங்கிவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பா அம்மா பனியன் கம்பெனிக்குத்தான் போகிறார்கள். அம்மா செக்கிங் டேபிளில் தொட்ட டி-ஷர்ட் ஜெர்மனியில் ஒரு கடையில் தொங்குகிறது. நடுவில் என்ன நடக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது, எனக்கும் பாதிதான் தெரியும்.

நேற்று ஒரு பையன், "எங்க அப்பாவுக்கு இன்னைக்கு ஒன்றரை ஷிஃப்டா இல்லையான்னு யாரு மிஸ் முடிவு பண்றாங்க?" என்று கேட்டான். ஒன்றரை ஷிஃப்ட் என்றால் வழக்கமான ஷிஃப்டுக்கு மேல் இன்னும் அரை ஷிஃப்ட் வேலை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. டெலக்ஸ் (கம்பி வழியாகத் தட்டச்சுச் செய்தி அனுப்பும் மெஷின்) காலத்திலிருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வகுப்பில் அப்படியே சொல்லப் போகிறேன்.

பழைய மெர்ச்சன்டைசர்:

வணக்கமுங்க டீச்சர். 1989-ல் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆபீஸ் பையனாகச் சேர்ந்து, மெர்ச்சன்டைசராக ஓய்வு பெற்றவன் நான். பையர் என்று நாங்கள் சொல்கிற, ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே நின்று ஆர்டரைக் கவனிக்கிற வேலை அது. உங்கள் மாணவன் கேட்டிருப்பது ரொம்பப் பெரிய கேள்வி. அதற்குத்தான் வருகிறேன், கொஞ்சம் சுற்றி.

நான் சேர்ந்தபோது ஆபீஸில் ஒரு டெலக்ஸ் மெஷின் இருந்தது. அனுப்ப வேண்டியதை முதலில் அடித்தால் மஞ்சள் காகித நாடாவில் துளை துளையாக விழும். சரிபார்த்துவிட்டு, ஜெர்மனி லைன் கிடைத்ததும் நாடாவை ஓட விடுவோம். லைனில் இருக்கிற நேரத்துக்குத்தான் காசு. அதனால் ஒரு வார்த்தை கூடுதலாக இருந்தாலும் முதலாளி பேனாவால் அடித்துவிடுவார். அப்புறம் ஃபேக்ஸ் வந்தது. சைஸ் சார்ட், பிரின்ட் டிசைன் எல்லாம் படமாகவே வந்து விழுந்தது எங்களுக்குப் பெரிய அதிசயம். ஆனால் அந்த வழவழப்பான தாளில் எழுத்து நிற்காது, வருடம் போனால் மங்கிவிடும். அதனால் ஃபேக்ஸ் வந்ததும் முதல் வேலை ஜெராக்ஸ் எடுப்பது. எத்தனையோ நாள் அதற்காகவே பஸ் ஸ்டாண்ட் வரை ஓடியிருக்கிறேன்.

பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டியது லேப் டிப். பையர் ஒரு நிறம் கேட்டால் சாயப்பட்டறையில் சின்னத் துண்டுகளை நாலு சாயலில் நனைத்து, அட்டையில் பின் அடித்து, ஏ, பி, சி, டி என்று எழுதி கூரியரில் அனுப்புவோம். அது போய்ச் சேர ஒரு வாரம். "பி ஓகே, இன்னும் கொஞ்சம் சிவப்பு" என்று பதில் வர இன்னும் சில நாள். இன்றைக்கு வாட்ஸ்அப் இருக்கிறதே, படம் எடுத்து அனுப்பினால் போதாதா என்று பசங்கள் கேட்பார்கள். போதாது. ஒவ்வொரு ஃபோனும் ஒவ்வொரு நிறம் காட்டும். அதற்காகவே லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் டி65 என்பது பகல் வெளிச்சம், டி.எல்.84 என்பது ஐரோப்பியக் கடைகளின் ட்யூப் வெளிச்சம். ஒன்றில் அச்சாகப் பொருந்துகிற துணி இன்னொன்றில் வேறு நிறமாகத் தெரியும். இப்போது மெஷினில் நிறத்தை எண்ணாக அளந்து மெயிலில் அனுப்புகிறார்கள், சில பையர்கள் அதை ஏற்கிறார்கள். மற்றவர்களுக்கு இன்றும் அந்தத் துணித் துண்டு கடல் தாண்டிப் போக வேண்டும்.

செயற்கைக்கோள் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2008 ஜனவரி 30-ஆம் தேதி எகிப்தில் அலெக்சாண்ட்ரியா பக்கத்தில் கடலடி கேபிள்கள் அறுந்தன. இந்தியா முழுக்க இணையம் நொண்டியது. ஒரு ஆர்ட் ஒர்க் (பிரின்ட் டிசைன்) ஃபைலைத் திறக்க அரை நாள் உட்கார்ந்திருந்தேன். நம் மெயிலெல்லாம் சென்னைக் கரையிலும் மும்பைக் கரையிலும் ஏறுகிற கம்பிகள் வழியாகத்தான் போகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சரி, பையனின் கேள்வி. ஜெர்மனியில் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு மதியம் ஒன்றரை, அவர்களுக்குக் கோடைக்காலம் என்றால் பன்னிரண்டரை. பையர் ஆபீஸுக்கு வந்து, காபி குடித்து, மெயில் போடுவதற்குள் நமக்கு மூன்று மணி ஆகிவிடும். "அளவு அரை சென்டிமீட்டர் மாற்று", "ஷிப்மென்ட் மூன்று நாள் முன்னால் வேண்டும்" என்பார். அது மெர்ச்சன்டைசருக்கு வந்து, புரொடக்ஷன் மேனேஜரிடம் போய், தையல் லைனுக்கு இறங்கும்போது ஐந்து மணி. ஒன்றரை ஷிஃப்ட் முடிவாவது அப்போதுதான்.

டெலக்ஸ் காலத்தில் ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இரண்டு நாள் இருக்கும். இந்த முப்பது வருடத்தில் அந்த இரண்டு நாளும் போய்விட்டது. துணிக்கு வேண்டிய நேரம் மட்டும் குறையவில்லை. பின்னலாடைத் துணி ரோலைப் பிரித்து, இழுவை தளர ஒரு நாள் ஆறப் போட்டுத்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கிவிடும். மெயில் வேகமாக வந்ததால் துணி சீக்கிரம் ஆறிவிடுமா? மிச்சமான நேரத்தைப் பையர் எடுத்துக்கொண்டார். நான் சேர்ந்தபோது ஒரு ஆர்டருக்கு நாலைந்து மாதம் இருக்கும். ஓய்வு பெறும்போது இரண்டரை மாதம் கொடுத்தாலே தாராளம் என்றார்கள்.

2020 மார்ச்சில், கொரோனா பரவிக்கொண்டிருந்தபோது, ஒரு பையரிடமிருந்து இரண்டே வரியில் மெயில் வந்தது, எல்லா ஆர்டரும் ரத்து என்று. அப்போது கட்டிங் டேபிளில் அவருடைய நேவி ப்ளூ துணி நூறு அடுக்கு விரித்துக் கிடந்தது. மாஸ்டர் கத்தியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

தூத்துக்குடி சி அண்ட் எஃப்:

கடல் பக்கத்தை நான் சொல்கிறேன் டீச்சர். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏற்றுமதிச் சரக்கை கிளியர் செய்து கப்பலுக்கு அனுப்பும் ஏஜென்ட் நான். உங்கள் ஊர்ப் பெட்டி இங்கிருந்து பெரும்பாலும் நேராக ஐரோப்பா போவதில்லை. சின்ன ஃபீடர் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய மதர் வெசலில் ஏறும். கொழும்பு பிரதான கப்பல் பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆழமும் உண்டு.

கன்டெய்னர் வந்த கதையையும் சொல்லுங்கள். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற லாரி கம்பெனிக்காரர் 58 பெட்டிகளை ஒரே கப்பலில் ஏற்றி அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதற்கு முன்னால் ஒவ்வொரு மூட்டையையும் ஆள்தான் தூக்கி வைக்க வேண்டும். என் தாத்தா அந்த வேலைதான் பார்த்தார்.

இன்னொன்று. டெலக்ஸ் மெஷின் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனால் அசல் பில் ஆஃப் லேடிங் (சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ஆவணம்) கையில் இல்லாமலே அந்தப் பக்கம் சரக்கை விடச் சொல்வதற்கு இன்றும் 'டெலக்ஸ் ரிலீஸ்' என்றுதான் பெயர். அனுப்புவது மெயில்தான்.

2023 கடைசியில் யேமனின் ஹூத்தி படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததிலிருந்து நிறையக் கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பத்துப் பதினைந்து நாள் கூடுதல். கப்பல் எங்கே நிற்கிறது என்று ஃபோனில் புள்ளியாகத் தெரியும், ஆனால் வேகமாகத் தள்ளிவிட முடியாது. பையர் பத்து நாளைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஏர் ஷிப்மென்ட்தான். அந்தச் செலவு பல சமயம் திருப்பூர்க்காரர் தலையில்.

லைன் சூப்பர்வைசர்:

அண்ணன் சொன்ன ஐந்து மணி ரொம்பச் சரி. நாலரைக்கு மேல் ஆபீஸிலிருந்து யாராவது ஃபோனைக் கையில் பிடித்தபடி லைனுக்குள் வந்தால் டைலர்கள் மெஷினை நிறுத்தாமலே தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். உடனே எல்லோரும் வீட்டுக்கு ஃபோன் போடுவார்கள், குழந்தையை டியூஷனிலிருந்து யார் கூப்பிடுவது என்று. ஓவர்லாக் தையல் மெஷினில் இருக்கும் ஒடிசா தம்பி மட்டும் ராத்திரி எட்டு மணி இடைவேளையில் வீடியோ காலில் தன் மகளைப் பார்ப்பான். அவள் பிறந்தது முதல் அதிகமாக ஃபோனில்தான் பார்த்திருக்கிறான்.

அவிநாசி டீச்சர்:

மூன்று பேருக்கும் நன்றி. கேள்வி கேட்ட பையனின் அப்பா கட்டிங் மாஸ்டர் என்று இன்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஐயா, லேப் டிப் அட்டை ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? வகுப்பில் கையில் கொடுத்துக் காட்ட வேண்டும்.

பழைய மெர்ச்சன்டைசர்:

இருக்குதுங்க டீச்சர், ஒரு ஷூ பெட்டி நிறைய. 1994-ல் வந்த ஒரு ஃபேக்ஸும் இருக்கிறது. அசல் தாள் இப்போது வெறும் வெள்ளைத் தாள், ஜெராக்ஸில்தான் எழுத்து தெரிகிறது. இரண்டையும் சேர்த்தே எடுத்து வருகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் வரட்டுமா?