பேஸ் மாடலிங் பெடல், ஆம்ப்: மேடையில் எங்கே காலை வாரியது? தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்கள் எழுதுங்க

தாழ்சுருதி, பாலக்கோடு

நம்ம பக்கம் ஒரு அம்மன் திருவிழா மேடை. மாடலிங் பெடல்னா நிஜ ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டியோட ஒலியை டிஜிட்டலா அப்படியே காட்டுறது. அதுல எஸ்.வி.டி.ங்கிற பேஸ் ஆம்ப்போட மாடல், கூடவே எட்டு ஸ்பீக்கர் கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) மாடலும் ஆன். ஹெட்போன்ல அருமை. மேடையில கிடந்த காம்போ (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டி) ஆம்ப்போட முன்பக்க இன்புட்ல அதைச் சொருகியாச்சு. தபேலாவும் ரிதம் பேடும் சேர்ந்த உடனே பேஸ் குமுகுமுன்னு ஒரே மூட்டமா போச்சு. என்ன ஸ்வரம்னே பிடிபடல. சவுண்ட்காரர் மிட் ஏத்துறார், ஏத்துறார், ஒண்ணும் மாறல.

கேபினட் ரெண்டு தடவை வந்ததுதான் காரணம். பெடலுக்குள்ள இருக்கிற கேபினட் மாடல் 4, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல வெட்டிடும். காம்போ ஸ்பீக்கர் அதையே திரும்ப வெட்டும். கீழ 100, 150 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிற மேடும் இரட்டிப்பாகும். முன்பக்க இன்புட்ல போனா ஆம்ப்போட ப்ரீஆம்ப் (டோன் மாத்துற முன்பகுதி) டோனும் மேல ஏறி உட்காரும். அன்னிக்கு மேடையிலேயே கேபினட் பிளாக்கை ஆஃப் பண்ணி, ஆம்ப் பின்னாடி ப்ரீஆம்ப்பைத் தாண்டிப் போற எஃபெக்ட் ரிட்டர்ன்ல மாத்தினதும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியா வந்துச்சு.

மிக்சருக்கும் காம்போவுக்கும் சேர்த்து அனுப்பணும்னா, கேபினட் பிளாக்குக்கு முன்னாடியே பாதையைப் பிரிங்க. இடது அவுட் கேபினட்டோட மிக்சருக்கு, வலது அவுட் கேபினட் இல்லாம காம்போவுக்கு.

நாலுகம்பி, அரூர்

எங்க பக்கம் பிரச்சனையே கரண்டுதான். ஜெனரேட்டர்ல ஓடுற கச்சேரி. சீரியல் லைட்டும் ஃபோகஸும் ஒண்ணா எரிஞ்ச நொடி, பெடல் திரையில கம்பெனி லோகோ. பாட்டு சரணத்துல ஓடுது, பேஸ் மட்டும் இல்லை. ஆன் ஆகி பேட்ச் (செட் பண்ணி வச்ச ஒலி) வர்றதுக்குள்ள சரணம் முடிஞ்சுது.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர். உள்ளே வர்ற வோல்டேஜ் இறங்கினா வெளியே 9 வோல்ட்டும் கூடவே இறங்கும். அனலாக் பெடல் லேசா மங்கும், அவ்வளவுதான். புராசசர் இருக்கிறது ரீஸ்டார்ட் ஆயிடும். 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கி, வெளியே 9 வோல்ட்டை நிலையா தர்ற எஸ்.எம்.பி.எஸ். அடாப்டர் வாங்குங்க. பெடல் அடியில எத்தனை மில்லி ஆம்பியர்னு எழுதியிருக்கும். 500 கேட்டா 500க்குக் குறையக்கூடாது, கூட இருந்தா பரவாயில்லை. நடு முனை நெகட்டிவான்னும் பாருங்க. ஒரே அடாப்டர்ல வயர் பிரிச்சு நாலு பெடல் ஓட்டாதீங்க. டிஜிட்டல் பெடலோட கிளாக் சத்தம் பக்கத்து அனலாக் பெடல்ல "கீ"ன்னு ஏறும்.

பழைய ட்யூப், கிருஷ்ணகிரி

இதெல்லாம் சரி. ஆனா போன வாரம் இங்கே ஒருத்தர் "மாடலிங் இப்பதான் வந்தது, இன்னும் பழுக்கல" என்று எழுதிவிட்டுப் போனார். அது தவறு. ரோலண்ட் விஜி-8 என்ற கிட்டார் மாடலிங் கருவி வந்தது 1995. லைன் 6 தன் முதல் மாடலிங் ஆம்ப்பான ஆக்ஸிஸ் 212ஐ 1996ல் இறக்கியது. 1998ல் அதே கம்பெனியின் அவரைக்காய் வடிவ பாட், அதன்பிறகு பேஸுக்கென்றே தனி பாட். ஃப்ராக்டல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 2006, லைன் 6 ஹீலிக்ஸ் 2015. கெம்பர் என்ற கருவி ஒரு படி தாண்டி, நிஜ ஆம்ப்புக்குள் சோதனை ஒலி அனுப்பி அதன் குணத்தைப் பிடித்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. இன்று நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருளிலேயே அதைச் செய்யலாம். 1989ல் வந்த டெக் 21 கம்பெனியின் சான்ஸ்ஆம்ப் பெடலை இதில் சேர்க்காதீர்கள், அது முழுக்க அனலாக்.

பேஸுக்குப் பழைய பெட்டிகள் ஏன் சறுக்கின? இரண்டு காரணம். டிஸ்டார்ஷன் போட்டால் உருவாகும் மிக உயர்ந்த ஒலிகள் சாம்பிள் வேகத்துக்குள் (பெட்டி செகண்டுக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற கணக்கு) அடங்காமல் மடங்கிக் கீழே விழும். அந்த ஸ்வரத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கரகரப்பு. இப்போதுள்ள பெட்டிகள் உள்ளே சாம்பிள் வேகத்தைப் பல மடங்கு ஏற்றிக் கணக்குப் போட்டு இதை அடக்குகின்றன.

இரண்டாவது கேபினட் ஐ.ஆர். நீளம். ஐ.ஆர். என்றால் நிஜ ஸ்பீக்கர் பெட்டியின் ஒலிக் குணத்தைப் பதிவு செய்த கோப்பு. 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் 21 மில்லி செகண்ட். E கம்பி 41 ஹெர்ட்ஸ், அதன் ஒரு அலை முடியவே 24 மில்லி செகண்ட் வேண்டும். ஐந்து கம்பி பேஸில் B 31 ஹெர்ட்ஸ், 32 மில்லி செகண்ட். கிட்டாருக்குப் போதுமான ஐ.ஆர். பேஸின் அடியைச் சரியாகக் காட்டாது. 2048 சாம்பிள் போடுங்கள்.

ஓசூர் மிக்சர்

பழைய ட்யூப் அண்ணா, 31 ஹெர்ட்ஸ் கணக்கெல்லாம் வீட்ல உட்கார்ந்து கேட்கத்தான். திருவிழா மேடையில சவுண்ட் சர்வீஸ் பையன் எல்லா சேனல்லயும் லோ கட் பட்டனை அமுக்கி வச்சிருப்பான். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டு. உங்க 41 அங்கேயே காலி. அதோட இரட்டிப்பான 82ல இருக்கிற இரண்டாவது ஹார்மோனிக்தான் ஜனத்துக்குக் கேட்கிறது. முதல்ல அந்தப் பட்டனைப் பாருங்க, ஐ.ஆர். அப்புறம்.

யாரும் கேட்கலைன்னாலும் இதையும் சொல்லிடறேன். கிருஷ்ணகிரியில ஒரு கல்யாண ரிசப்ஷன். பேஸ் பிளேயர் கிட்டார் சிக்னலை ரெண்டாப் பிரிச்சு, ஒண்ணு டி.ஐ. பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏத்தபடி மாத்துற சின்னப் பெட்டி) வழியா நேரா ஒரு சேனல், இன்னொண்ணு மாடலர் வழியா அடுத்த சேனல். தனித்தனியா கேட்டா ரெண்டும் தடிமன். ரெண்டு ஃபேடரையும் ஏத்தினா பேஸ் இளைச்சுப் போகுது! மாடலர் சிக்னலை டிஜிட்டலா மாத்தி, திருப்பி மாத்தி வெளியே விட 2.5 மில்லி செகண்ட் ஆகுதுன்னு வைங்க. அப்போ 200 ஹெர்ட்ஸ்ல ரெண்டும் எதிரெதிரா மோதி அழியும். அடுத்து 600, அப்புறம் 1000. பேஸோட உடம்பே 200 பக்கம்தான். அலையைத் தலைகீழாக்குற ஃபேஸ் பட்டனைத் தட்டினா ஓட்டை வேற இடத்துக்கு நகரும், கூடவே அடி ஒலியும் போகும். தீர்வு ஆகாது.

டிஜிட்டல் மிக்சர்னா நேர் சேனல்ல அதே அளவு டிலே போடுங்க. அளவு தெரியணுமா, கம்பியை ஒரு தட்டு தட்டி ரெண்டு சேனலையும் லேப்டாப்ல ரெக்கார்ட் பண்ணி அலை வித்தியாசத்தை அளங்க. அனலாக் மிக்சர்னா கிளீன் ஒலியை மாடலருக்குள்ளேயே கலந்து ஒரே வயர்ல அனுப்பறதுதான் வழி.

வயர்னதும் ஞாபகம் வருது. மாடலர் அவுட்புட்டை லைன் லெவல்ல (மைக்கை விடப் பலமான சிக்னல்) வச்சு மைக் இன்புட்ல விடாதீங்க, கெயின் சுழியம்ல இருந்தாலும் உடையும். செட்டிங்ல மைக் லெவலுக்கு மாத்துங்க. மைக்குக்குக் கரண்ட் குடுக்கிற 48 வோல்ட் ஃபேன்டம் ஆன்ல இருக்கிற சேனல்ல, ஒரு முனை எக்ஸ்எல்ஆர் (மூணு பின் மைக் பிளக்) மறுமுனை கிட்டார் பின் இருக்கிற வயரைப் போட்டா அவுட்புட் போயிடலாம். நடுவுல டி.ஐ. பாக்ஸ் கட்டாயம்.

தாழ்சுருதி, பாலக்கோடு

லோ கட் பாயின்ட் ஏத்துக்கறேன். ஆனா டபுள் 18 இஞ்ச் சப் (அடி ஒலி ஸ்பீக்கர்) வைக்கிற சர்வீஸ்ல 41 நல்லாவே கேட்கும் தம்பி. எல்லாரும் ஒரே மாதிரி செட் கொண்டு வர்றதில்ல.

ராகி, பென்னாகரம்

E கம்பி மூணாவது ஃப்ரெட்ல G பிடிச்சு நிறுத்தினா சத்தம் செகண்டுக்கு ஒரு தடவை ஏறி இறங்கி ஆடுது. மத்த ஸ்வரத்துல இல்ல. மாடலர் கோளாறா? ஜெனரேட்டர் மேடை, கம்ப்ரஸர் ஆன்ல இருந்துச்சு.

நாலுகம்பி, அரூர்

கோளாறு இல்ல. G 49 ஹெர்ட்ஸ், கரண்ட் ஹம் 50. ரெண்டும் சேர்ந்து செகண்டுக்கு ஒரு அலை. சின்ன சத்தத்தையும் பெரிசாக்குற கம்ப்ரஸர் ஹம்மை மேல தூக்கி விடுது. வாசிக்காதப்போ சத்தத்தை மூடுற நாய்ஸ் கேட் உதவாது, வாசிக்கும்போது அது திறந்துதான் இருக்கும். டி.ஐ. பாக்ஸ்ல கிரவுண்ட் லிஃப்ட் (ஆடியோ வயரோட கிரவுண்டைத் துண்டிக்கிற பட்டன்) தட்டுங்க. அடாப்டரை மிக்சர் இருக்கிற அதே லைன்ல சொருகுங்க. பிளக்கோட எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் பிடுங்காதீங்க, மைக்ல வாய் வச்சா ஷாக் அடிக்கும்.