கழிச்சலை நிறுத்தியது பொடியா, பாலா?

பெருந்துறைக் கட்டுத்தரை:
போன மாதம் எங்கள் கட்டுத்தரையில் மூன்று கலப்பினக் கன்றுகளுக்கு ஒரே வாரத்தில் கழிச்சல். ஒன்று போய்விட்டது. மருந்துக்கடையில் ஈஸ்டும் லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவும் கலந்த, குடலுக்கு நல்லது செய்யும் உயிர்நுண்ணுயிரிகள் கொண்ட புரோபயாட்டிக் பொடி கொடுத்தார்கள். வேளைக்கு ஒரு கரண்டி, காய்ச்சிய பாலில் கலந்து ஊட்டினேன். நான்காம் நாள் மற்ற இரண்டும் எழுந்து துள்ளின. இனிப் பிறக்கிற கன்றுக்கெல்லாம் முதல் நாளிலிருந்தே இதுதான். மாடு வைத்திருக்கிறவர்கள் யோசிக்காமல் வாங்குங்கள்.

காங்கயம் கொரங்காட்டான்:
அண்ணா, கோபித்துக்கொள்ள வேண்டாமுங்க. அந்த நாலு நாளும் உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தீர்களா? கழிச்சலில் கன்று சாவது பெரும்பாலும் உடம்பில் நீரும் உப்பும் வற்றித்தான். அதை ஈடுகட்டினால் பல கன்றுகள் தானாகவே தேறிவிடும். பேர் மட்டும் பொடிக்குப் போகும். அப்புறம் இன்னொன்று, சீம்பால் எப்போது ஊட்டினீர்கள்?

பெருந்துறைக் கட்டுத்தரை:
டாக்டர் சொன்னார் என்று உப்புத் தண்ணீரும் கொடுத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. சீம்பால் நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான், எங்கள் அம்மா காலத்திலிருந்து அப்படித்தான். செத்துப்போன கன்றின் தாய் விடியற்காலை மூன்று மணிக்கு ஈன்றது. நஞ்சு விழ மத்தியானம் ஆகிவிட்டது.

காங்கயம் கொரங்காட்டான்:
அங்கேதானுங்க கோட்டை விட்டீர்கள். மாட்டில் தாயின் எதிர்ப்புச் சக்தி கருவில் கன்றுக்கு வராது, சீம்பாலில்தான் வரும். அதைக் குடல் அப்படியே ரத்தத்துக்குள் விடுவது மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் கதவைச் சாத்திவிடும். 30 கிலோ கன்றுக்கு முதல் நாளுக்குள் 3 லிட்டர் போக வேண்டும், அதில் பாதி முதல் இரண்டு மணி நேரத்துக்குள். நஞ்சு விழட்டும் என்று காத்திருப்பது தலைகீழ்க் கணக்கு. கன்று மடியை முட்டிக் குடித்தால் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து கருப்பை சுருங்கும், நஞ்சு விழவும் அதுவே துணை.

நாமக்கல் மாணவி:
நான் இங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். புரோபயாட்டிக் ஏமாற்று வேலை அல்ல. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் முழுதாக நிறுத்தியது. நம் நாட்டிலும் 2019-இல் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கால்நடைக்கும் தீவனத்துக்கும் தடை செய்தார்கள். அந்த இடத்துக்குத்தான் இவை வந்தன. ஆனால் கட்டுத்தரை அண்ணா, பாலில் கலந்தது எங்கே போகிறது தெரியுமா? கன்று சப்பிக் குடிக்கும்போது தொண்டைக்குக் கீழே ஒரு பள்ளம் குழாய்போல மூடிக்கொள்ளும். பால் முதல் வயிறான பெருவயிற்றைத் தொடாமல் நேரே நான்காம் வயிற்றுக்கு இறங்கும். ஈஸ்ட் பெருவயிற்றில் வேலை செய்ய வேண்டுமென்றால் கன்றுத் தீவனத்தில்தான் கலக்க வேண்டும். பெருவயிற்றின் உட்சுவரில் சிறு மொட்டுகள் விரல் விரலாக வளர்வதற்குத் தூண்டுதலே அந்தத் தீவனத்தின் தானியம் புளித்து வரும் பியூட்டிரிக் அமிலம்தான். பாலில் கலந்தது குடலுக்கு உதவலாம், அதுவும் பால் ஆறியிருந்தால். சூட்டில் லாக்டோபேசில்லஸ் செத்துப்போகும். கூடவே ஆன்டிபயாட்டிக் போட்டிருந்தாலும் அதே கதி, ஈஸ்ட் மட்டும் தப்பும்.

பெருந்துறைக் கட்டுத்தரை:
பால் சூடாகத்தான் இருந்தது, ஆன்டிபயாட்டிக் ஊசியும் போட்டிருந்தது. ஆனாலும் அம்மிணி, மூன்றாம் நாள் சாணியைக் கையில் எடுத்துப் பார்த்தவன் நான். முந்தின நாள் வரை புளிக்கரைசல் மாதிரி ஓடியது, அன்றைக்குக் களிம்பாக விரலில் ஒட்டியது. நாற்றமும் பாதியாகிவிட்டது. இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

மேச்சேரிப் பட்டி:
எங்கள் ஆட்டுக்குட்டிகளுக்கு ஆறாம் வாரத்தில் ரத்தக் கழிச்சல். இந்த மாதிரிப் பொடி ஒரு மாதம் கொடுத்தும் பயனில்லை. சாணப் பரிசோதனையில் காக்ஸிடியா என்ற குடல் ஒட்டுண்ணி என்று வந்தது. அதற்கான ஆம்ப்ரோலியம் மருந்து கொடுத்த பிறகுதான் நின்றது. முதலில் பரிசோதனைக்கு அனுப்புங்கள் சாமி.

காங்கயம் கொரங்காட்டான்:
சாணி இறுகியது பொய் என்று நான் சொல்லவில்லையுங்க. உப்புத் தண்ணீர், ஊசி, பொடி மூன்றும் ஒன்றாகப் போனதே, எதற்கென்று மார்க் போடுவது? அடுத்த கன்றுக்குச் சீம்பாலை நேரத்துக்குக் கொடுத்து, பொடி இல்லாமல் ஒரு தடவை பாருங்கள்.

பெருந்துறைக் கட்டுத்தரை:
செவலை மாடு ஈன இன்னும் பத்து நாள். டார்ச்சும் பால்புட்டியும் கட்டுத்தரையிலேயே வைத்துவிட்டேன். நஞ்சுக்குக் காத்திருக்கப் போவதில்லை, அம்மாவிடமும் சொல்லியாயிற்று. பொடி டப்பாவும் அதே அலமாரியில்தான் இருக்கிறது, அதை எடுக்கச் சொல்லாதீர்கள்.