அடியில ஊத்துற ஈயச்சட்டி சொட்டுமா, சொட்டாதா?

கரண்டிக்காரன்:
தூண்டில் குண்டு வார்க்க எது வாங்குறதுன்னு செங்காங்_புதுசு கேட்டதுக்கு, "புதுசா வர்றவங்க கண்ண மூடிக்கிட்டு லீ கம்பெனியோட 20 பவுண்டு மின்சட்டி வாங்குங்க, அடியில திறந்து ஊத்திக்கலாம்"னு புங்கோல்பாபு இன்னொரு இழையில அளந்துவிட்டிருக்காரு. படிச்சதும் கடுப்பு. அது அமெரிக்காக்காரன் வீட்டுல தோட்டா வார்க்கிற சட்டி. இங்க சிங்கப்பூர்ல லைசென்ஸ் இல்லாம தோட்டா பக்கமே போக முடியாது. நமக்கு பிடோக் ஜெட்டியில நின்னு மீன் பிடிக்க நாலு அவுன்ஸ் குண்டு போதும். அந்தச் சட்டி சொட்டும். எழுதி வச்சுக்குங்க.

புங்கோல்பாபு:
அண்ணே, அந்தச் சட்டிய ஒரு நாளாவது தொட்டிருக்கீங்களா? சுத்தமான ஈயம் போட்டா சொட்டாது. கார் சக்கரத்துல மாட்டுற பழைய டயர் குண்ட அழுக்கோட கொட்டினா கசடு போயி அடி ஓட்டைக்கும் அத அடைக்கிற கம்பிக்கும் நடுவுல மாட்டிக்கும். அதுக்குத்தான் வேற இரும்புச் சட்டியில முதல்ல உருக்கி, மெழுகு போட்டுக் கிளறி, கசட வழிக்கணும். அப்பவும் சொட்டுனா கம்பித் தலையில ஸ்க்ரூடிரைவர் வச்சு ஒரு சுத்து. நின்னுரும்.

கரண்டிக்காரன்:
பாத்தீங்களா, அவரே சொல்லிட்டாரு, சொட்டும்னு! 327 டிகிரிக்கு மேல ஈயம் ஒழுகிக்கிட்டிருக்கும்போது புதுசா வந்தவன் ஸ்க்ரூடிரைவர் தேடி ஓடணுமாம். ஒரு இரும்புச் சட்டி, ஒரு கரண்டி. வேலை முடிஞ்சுது.

ஈசூன்_மீனா:
ரெண்டு பேரும் வோல்டேஜப் பத்திப் பேசவே இல்ல. அமெரிக்கக் கடையில வாங்கினா 110 வோல்ட்டுக்கு வரும். நம்ம வீட்டுல 230. நேரா சொருகினா சட்டி போச்சு. 220 வோல்ட் சட்டி தனியா இருக்கு, கேட்டு வாங்கணும். அப்புறம் 20 பவுண்டுன்னா ஒன்பது கிலோ, எண்பது குண்டு. மீன் பிடிக்கப் போறீங்களா, கடலத் தூர்க்கப் போறீங்களா? ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைய ஏற்கெனவே தூர்த்தாச்சுலா.

கரண்டிக்காரன்:
மீனா சொல்றது சரி. ஆனா 230ல சொருகினாலும் சொட்டும்.

புளோக்_தாத்தா:
எச்டிபி அடுக்குமாடி வீட்டு அடுப்படியிலயா ஈயம் உருக்குறீங்க? ஈயம் பிள்ளைங்க மூளையக் கெடுக்கும். பிரிட்டன்ல 1987லேயே ஈயக்குண்டுக்குத் தடை போட்டாச்சு.

கரண்டிக்காரன்:
அன்னப்பறவை முழுங்கிச் செத்துச்சுன்னு தடை போட்டான் பெரியவரே. அதுவும் சின்னக் குண்டுக்கு. ஒரு அவுன்ஸுக்கு மேல அந்தத் தடை தொடல. ஜெட்டியில எங்க இருக்கு அன்னம்? எங்க பாட்டி ஈயச்சொம்புல ரசம் வச்சே எண்பதத் தாண்டுனாங்க.

ஈசூன்_மீனா:
பாட்டி வச்சது வெள்ளீயம், தகரம். 232 டிகிரியிலேயே உருகிடும், அதான் சொம்ப வெறுமனே அடுப்புல வைக்க மாட்டாங்க. நீங்க உருக்குறது காரீயம். ரசத்த விடுங்க. நான் எங்க மாமா ஒர்க்‌ஷாப்புல ஷட்டரத் திறந்து வச்சுத்தான் உருக்குவேன். ஈரக் கரண்டிய உள்ள விட்டா ஈயம் வெடிச்சு மூஞ்சியில தெறிக்கும். உங்க கரண்டி பெருமையில அதையும் சேத்துக்குங்க.

கரண்டிக்காரன்:
கரண்டியக் காய வச்சுட்டுத்தான் விடுவோம். காய வச்ச கரண்டி சொட்டாது. சட்டி சொட்டும்.

செங்காங்_புதுசு:
அண்ணே, முதல்ல கேட்டதே நான்தான். வருஷத்துக்கு ஒரு தடவ, நாலு பேருக்கு குண்டு வேணும். எது வாங்குறது?

புங்கோல்பாபு:
கரண்டிக்காரரே, போன தீபாவளிக்கு முன்னாடி வாங்கிட்டுப் போன என் அலுமினிய அச்சு எங்க?

கரண்டிக்காரன்:
பேச்ச மாத்தாதீங்க. அச்சு பத்திரமா இருக்கு. சொட்டுமா, சொட்டாதா?

புங்கோல்பாபு:
சொட்டாது. அச்சக் குடுங்க.

கரண்டிக்காரன்:
ஒரு மணி நேரம் வெட்டாம வீடியோ எடுத்துப் போடுங்க, சட்டிக்கு அடியில வெள்ளைப் பேப்பர் வச்சு. அப்புறம் அச்சப் பத்திப் பேசலாம்.

புளோக்_தாத்தா:
அடுப்படியில உருக்குறதா இல்லையா, அதுக்கு இன்னும் பதில் வரல.

புங்கோல்பாபு:
என் அச்ச வச்சுக்கிட்டு எனக்கே நிபந்தனையா? நாளைக்கு உங்க புளோக் கீழ வந்து நிக்கிறேன்.

கரண்டிக்காரன்:
வாங்க. சட்டியையும் தூக்கிட்டு வாங்க.