சந்தேகம்: ஒரே டிசையருக்கு மூன்று ஏஜென்ட், மூன்று பிரீமியம். எதை நம்புவது?

சிறுவாணிக்காரன் (கேள்வி)

வணக்கம். பதினொரு ஆண்டு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்துவிட்டு, இந்த மாதம் சொந்தமாக டாக்சி ஓட்டலாம் என்று இறங்கியிருக்கிறேன். கோவை பதிவு டிசையர், பெட்ரோல், 1197 சி.சி., ஐந்து ஆண்டு ஓடிய டி போர்டு வண்டி. விலை பேசி முடித்தாகிவிட்டது, 2,90,000 ரூபாய் ஃபைனான்ஸ். இன்சூரன்ஸில்தான் தலை சுற்றுகிறது.

மூன்று பேரிடம் கோட்டேஷன் கேட்டேன். முதல் ஆள் 27,500 ரூபாய்க்குச் சற்று மேலே சொல்கிறார். இரண்டாவது ஆள் 22,186. மூன்றாவது ஆள் வெறும் 10,875. வண்டி ஒன்று, ஊர் ஒன்று, நானும் ஒருவன்தான். புதிதாக டாக்சி ஓட்ட வருபவன் என்பதால் என் தலையில் கூடுதலாகக் கட்டுகிறார்களா? மூன்றாவது ஆளிடமே முடித்துவிடலாமா? வண்டியை விற்பவர், "இன்னும் நான்கு மாதம் இன்சூரன்ஸ் இருக்கிறது, நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காமல் ஓட்டியதற்கான தள்ளுபடி, 35 சதவீதமும் உங்களுக்கே வரும்" என்கிறார். அதையும் சொல்லுங்கள்.

பழைய ஸ்டியரிங்

தம்பி, மொத்தத் தொகையைச் சொன்னால் கடவுளுக்கே பதில் தெரியாது. மூன்று தாளையும் எடுத்து வையுங்கள். "தேர்டு பார்ட்டி" அல்லது "டி.பி." என்று ஒரு வரி இருக்கும், அது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கு. "ஓ.டி." அல்லது "ஓன் டேமேஜ்" என்று இன்னொரு வரி, அது உங்கள் வண்டியின் சேதத்துக்கு. ஐ.டி.வி. என்று ஒரு தொகை, அது பாலிசியில் உங்கள் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு. இந்த மூன்றையும் எழுதுங்கள். டி.பி. மூன்றிலும் ஒரே தொகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ ஒருவர் விளையாடுகிறார்.

சிறுவாணிக்காரன்

அண்ணா, எழுதுகிறேன், எல்லாம் வரிக்கு முன்.

முதல் தாள்: ஐ.டி.வி. 4,10,000. ஓ.டி. 11,200. டி.பி. 11,852. சம்பள டிரைவருக்கு 50. உரிமையாளர் விபத்துக் காப்பீடு 325.

இரண்டாவது: ஐ.டி.வி. 3,20,000. ஓ.டி. 6,900. டி.பி. 11,852. டிரைவருக்கு 50. வேறு எதுவும் இல்லை.

மூன்றாவது: ஐ.டி.வி. 4,00,000. ஓ.டி. 5,800. டி.பி. 3,416.

முகவர், ஈரோடு

இருபது ஆண்டாக இதே வேலைதான். மூன்றாவது தாளைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. 3,416 என்பது 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள சொந்த உபயோகக் காரின் டி.பி. தொகை. உங்கள் வண்டியை அவர் ஓன் போர்டு என்று போட்டிருக்கிறார்.

டி.பி. தொகையை எந்த நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. மத்திய அரசு அறிவிப்பதுதான். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, ஆறு பயணிகள் வரையுள்ள டாக்சிக்கு இப்படி வருகிறது: 1000 சி.சி. வரை 6,040 ரூபாயும் பயணிக்கு 1,162 ரூபாயும். 1000 முதல் 1500 சி.சி. வரை 7,940 ரூபாயும் பயணிக்கு 978 ரூபாயும். அதற்கு மேல் 10,523 ரூபாயும் பயணிக்கு 1,117 ரூபாயும். டிசையரில் டிரைவரைத் தவிர்த்து நான்கு பேர். 978 ஐ நான்கால் பெருக்கினால் 3,912. அதோடு 7,940 சேர்த்தால் 11,852. முதல் இரண்டு தாளும் சரி. சின்ன வண்டியாக எடுத்திருந்தால் மிச்சமாகுமே என்று நினைக்காதீர்கள். 1000 சி.சி.க்குள் இருக்கும் வண்டிக்கும் இதே கணக்கில் 10,688 வருகிறது. ஏழு இருக்கை இன்னோவா வைத்திருப்பவர் 17,225 கட்டுகிறார், அவரைக் கேளுங்கள்.

புதிய டிரைவர் என்பதால் கூடுதல் என்ற சந்தேகத்தை விட்டுவிடுங்கள். நம் ஊர் பிரீமியத்தில் உங்கள் வயதும் அனுபவமும் நுழைவதே இல்லை. வண்டியின் சி.சி., வயது, பதிவான இடம், ஐ.டி.வி., இவைதான் கணக்கு. சென்னைப் பதிவாக இருந்தால் ஓ.டி. இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும். கோவை அந்தப் பெருநகரப் பட்டியலில் இல்லை.

அப்படியானால் ஏன் முதல் இரண்டுக்கும் இடையில் இவ்வளவு வித்தியாசம்? ஓ.டி. தொகையில் நிறுவனத்துக்கு நிறுவனம் தள்ளுபடி மாறும், அது 2007 முதலே திறந்துவிடப்பட்ட சந்தை. ஆனால் இரண்டாவது ஆள் தள்ளுபடி மட்டும் தரவில்லை, உங்கள் வண்டியின் மதிப்பையே 90,000 ரூபாய் குறைத்துவிட்டார். நாளை வண்டி திருடு போனாலோ முழுவதும் நொறுங்கினாலோ கிடைப்பது ஐ.டி.வி.யை ஒட்டிய தொகைதான். 3,20,000 வரும், ஃபைனான்ஸ்காரர் தன் பாக்கியை முதலில் எடுத்துக்கொள்வார், மிச்சத்தில் நீங்கள் ஆட்டோகூட வாங்க முடியாது. உரிமையாளர் விபத்துக் காப்பீட்டையும் விட்டுவிட்டார். வண்டியை ஓட்டப்போவது நீங்களே. 15 லட்சத்துக்கான காப்பீடு, அந்த 325 ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள்.

சிறுவாணிக்காரன்

மூன்றாவது ஆளைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். "ஆமாம், அப்படித்தான் போடுவோம், இவ்வளவு நாள் யார் பிடித்தார்கள்?" என்கிறார். சொன்ன விதத்தில் எனக்கே அது நியாயம்போலப் பட்டது. உண்மையிலேயே யாரும் பார்ப்பதில்லையா?

மேட்டுப்பாளையம் வாசி

நான் சொல்கிறேன். பார்ப்பார்கள், பார்க்கக் கூடாத நேரத்தில்.

ஓன் போர்டு காரை ஊட்டிக்கு வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். பர்லியாறு தாண்டி ஒரு வளைவில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி, இடது பக்கம் முழுவதும் பாறையில் உரசியது. யாருக்கும் பெரிய காயமில்லை. மறுநாள் சர்வேயர் வந்தார். மனிதர் கோபமே படாமல் வண்டியைச் சுற்றி வந்தார், படம் எடுத்தார். பிறகு முன்கதவைத் திறந்து டேஷ்போர்டு மேலே கிடந்த சிறு நோட்டைப் புரட்டினார். நான்தான் எழுதி வைத்திருந்தேன்: புறப்பட்ட கிலோமீட்டர், வந்த கிலோமீட்டர், டீசல், பேட்டா. "இது என்ன?" என்று ஒரே கேள்விதான். காவல் நிலையத்தில் பயணி கொடுத்த வாக்குமூலத்திலும் "வாடகைக்கு அமர்த்திச் சென்றோம்" என்று இருந்தது. கிளைம் நிராகரிப்பு. டிங்கர் வேலை, பெயின்ட், இரண்டு கதவு எல்லாம் சேர்த்து 64,000 ரூபாய் என் கையிலிருந்து போனது. பிரீமியத்தில் நான் மிச்சம் பிடித்தது ஆண்டுக்குப் பத்தாயிரம்.

முகவர், ஈரோடு

மேட்டுப்பாளையத்துக்காரர் பிழைத்தது ஆளுக்குச் சேதமில்லாததால். எதிரே வந்தவர் இறந்திருந்தால் வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போகும். நிபந்தனை மீறல் நிரூபணமானால், "இழப்பீட்டை முதலில் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்" என்று நிறுவனத்துக்கு உத்தரவு வரலாம். அந்தத் தொகை லட்சங்களில் இருக்கும், வீட்டுப் பத்திரம் வரை இழுக்கும்.

சிறுவாணிக்காரர் விஷயத்தில் ஆர்.சி.யிலேயே டாக்சி என்று இருக்கிறது. ஆர்.சி. ஒரு கதை, பாலிசி ஒரு கதை. எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, நிற்கும்போதே மாட்டலாம்.

நோ கிளைம் போனஸ் பற்றி: அது வண்டிக்கு இல்லை, ஆளுக்கு. விற்பவர் மூன்று ஆண்டு கிளைம் இல்லாமல் ஓட்டிச் சேர்த்த 35 சதவீதம் அவருடையது. அவர் அடுத்த வண்டிக்கு எடுத்துக்கொண்டு போவார். நீங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, அடுத்த ஆண்டு 20 சதவீதம் பெறுவீர்கள். அதுவும் ஓ.டி.யில் மட்டும்தான். மீதியிருக்கும் நான்கு மாதத்தைப் பயன்படுத்த வேண்டுமானால், பெயர் மாற்றிய 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அவர் பெற்ற போனஸ் தள்ளுபடியின் பங்கை உங்களிடம் வசூலிப்பார்கள். மாற்றாமல் விட்டால் டி.பி. பகுதி சட்டப்படி உங்களோடு வந்துவிடும், உங்கள் வண்டியின் சேதத்துக்கு மட்டும் யாரும் வர மாட்டார்கள்.

ஹாரோ தமிழன்

லண்டனிலிருந்து வாசிக்கிறேன், ஒரு ஒப்பீட்டுக்காக. இங்கே தனியார் வாடகைக் கார் ஓட்டப் புதிதாக உரிமம் எடுத்தவனிடம் முதலில் கேட்பதே "எத்தனை ஆண்டு அனுபவம், எந்த அஞ்சல் குறியீடு?" என்பதுதான். முதல் ஆண்டு பிரீமியத்தைக் கேட்டுத் தொழிலை விட்டவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கவலை உங்களுக்கு இல்லை என்று சந்தோஷப்படுங்கள்.

சிறுவாணிக்காரன்

நன்றி ஐயா. இன்னொன்று: என்னிடம் இலகுரக வாகன லைசென்ஸ் இருக்கிறது, வாடகை வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜ் இன்னும் வாங்கவில்லை. விபத்தானால் அதைக் காட்டி நிராகரிப்பார்களா?

பழைய ஸ்டியரிங்

ஒரு காலத்தில் இதை வைத்தே ஓட்டுநர்களை அலைக்கழித்தார்கள். 2017 இல் உச்ச நீதிமன்றம், இலகுரக லைசென்ஸ் வைத்திருப்பவர் அதே எடைப் பிரிவிலுள்ள வாடகை வண்டியையும் ஓட்டலாம் என்றது. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதிசெய்தது, 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்கு. டிசையருக்குக் கவலையில்லை. லைசென்ஸ் காலாவதியாகாமல் பாருங்கள், எஃப்.சி.யும் பெர்மிட்டும் தேதி தப்பாமல் இருக்கட்டும். என் அனுபவத்தில் கிளைம் அடிபட்டது பெரும்பாலும் எஃப்.சி. தேதியில்தான். எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். வண்டியின் வயதைக் கணக்கிட்டு நாள்காட்டியில் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள்.

இன்னொன்று. பம்பர், பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எதுவாக இருந்தாலும் சாதாரண பாலிசியில் பாதி விலைதான் தருவார்கள். "ஃபுல் இன்சூரன்ஸ்" என்று ஏஜென்ட் சொல்வதைக் கேட்டு முழுப் பணமும் வரும் என்று இருந்துவிடாதீர்கள். தேய்மானம் பிடிக்காத பம்பர் டு பம்பர் பாலிசியை டாக்சிக்கு, அதுவும் ஐந்து ஆண்டு வண்டிக்கு, எளிதில் கொடுக்க மாட்டார்கள். கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

சிறுவாணிக்காரன்

முடித்துவிட்டேன். முதல் ஏஜென்டிடம் இரண்டாவது தாளைக் காட்டி ஓ.டி.யை மட்டும் பேசினேன். கொஞ்சம் முனகினார், பிறகு 8,600 ரூபாய்க்கு இறங்கினார். ஐ.டி.வி. 4,00,000. டி.பி. அதே 11,852, டிரைவருக்கு 50, விபத்துக் காப்பீடு 325, வரியோடு 24,500 ரூபாய் சொச்சம். பழைய பாலிசியை மாற்றவில்லை. பெயர் மாற்றம் முடிகிற அன்றே புதியது தொடங்கும்படி தேதி போடச் சொல்லிவிட்டேன்.

மனைவி உட்கார்ந்து கணக்குப் பார்த்தாள், நாளொன்றுக்கு 70 ரூபாய்க்குள்தான் வருகிறது. டேஷ்போர்டில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை வைத்திருக்கிறாள், முதல் சவாரியில் அதற்குத்தான் பணம் போக வேண்டுமாம். ஞாயிறு காலை உக்கடத்திலிருந்து பழனிக்கு முதல் சவாரி.

பழைய ஸ்டியரிங்

பாட்டிலை டேஷ்போர்டில் வைக்காதீர்கள் தம்பி, பிரேக் போட்டால் பறக்கும். சீட்டுக்கு அடியில் வையுங்கள்.