புதுப்பிப்பு: பதிப்புரிமைப் படிவத்துக்குப் பதில் வந்துவிட்டது

என் ஆய்வுக் கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது, பதிப்பகம் பதிப்புரிமை முழுவதையும் எழுதித் தரச் சொல்கிறது, கொடுத்துவிட்டால் கட்டுரையைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் வைக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

உரிமையை என்னிடமே வைத்துக்கொண்டு வெளியிடும் உரிமம் மட்டும் தருகிறேன் என்று எழுதினேன். மறுத்துவிட்டார்கள். உடனடித் திறந்த அணுக்கம், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும் வசதி, வேண்டுமானால் கட்டணம் கட்டு என்றார்கள். அந்தத் தொகையில் என் ஆய்வகத்துக்கு ஒரு நல்ல நுண்ணோக்கி வாங்கலாம்.

ஆனால் அதே படிவத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் வழி இருக்கிறது. நடுவர்கள் (கட்டுரையை மதிப்பிடும் துறை வல்லுநர்கள்) சொன்ன திருத்தங்கள் முடிந்து ஏற்கப்பட்ட கையெழுத்துப் படியை 12 மாதங்களுக்குப் பின் களஞ்சியத்தில் வைக்கலாம். அவர்கள் அச்சுக்கோத்த பிடிஎஃப் மட்டும் கூடாது. சாரத்தில் இரண்டும் ஒன்றுதான்.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைச் சிலர் சுட்டியிருந்தீர்கள்: ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கே, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. பதிப்பகத்தார் விவரமானவர்கள், ‘உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்’ என்று முதல் வரியிலேயே போட்டுவிட்டார்கள்.

இன்னொன்று. திறந்த அணுக்கம் என்றாலே உரிமை ஆசிரியரிடம் என்று எண்ண வேண்டாம். மற்றவர்கள் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போட்டுவிட்டு, வணிக உரிமையைத் தனியே எழுதி வாங்கிக்கொள்ளும் இதழ்களும் உண்டு.

நடுவர்களுக்குப் போகும் முன்பிருந்த முன்பதிப்புக்குத் தடையே இல்லை. அதை ஆர்க்கைவ் (arXiv) என்ற முன்பதிப்புத் தளத்தில் ஏற்றிவிட்டேன்.