சிங்கப்பூர் – நியூயார்க்: 15,349 கிலோமீட்டருக்கு 18 மணி 40 நிமிடமா?

கேள்வி:
தங்கையின் பிரசவத்துக்காக அம்மாவை ஜூலையில் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்குத் தனியாக அனுப்புகிறோம். 68 வயது, முட்டிவலி உண்டு. தூரம் 15,349 கிலோமீட்டர் என்று வருகிறது, மணிக்கு 900 என்று வகுத்தால் 17 மணி நேரம்தானே? நேர் விமானத்தில் 18 மணி 40 நிமிடம் போட்டிருக்கிறார்கள். அதுவும் பகல் 12:20க்குக் கிளம்பி அதே நாள் மாலை 7க்கே இறங்குகிறதாம். பிராங்க்ஃபர்ட்டில் நின்று போகும் விமானத்தில் டிக்கெட் விலை குறைவு. எதில் அனுப்பலாம்?

பதில் 1:
அந்த 15,349 என்பது உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். இரண்டு ஊரும் பூமியின் எதிரெதிர்ப் பக்கத்தில் (தீர்க்கரேகை வித்தியாசம் கிட்டத்தட்ட 178 டிகிரி) இருப்பதால் அந்த நூல் வடதுருவத்தை ஒட்டிப் போகும். சாங்கியிலிருந்து துருவம் 88.6 டிகிரி, அங்கிருந்து நியூயார்க் 49.4, மொத்தம் 138, டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கிப் பாருங்கள், கணக்கு வந்துவிடும். ஆனால் விமானம் அந்த நூலைப் பிடித்துப் போவதில்லை. மேலே மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக ஓடும் ஜெட் காற்று முதுகில் தள்ளினால் நேரமும் எரிபொருளும் மிச்சம், அதனால் பசிபிக் பக்கம் சுற்றிப் போகிறார்கள், தூரம் 16,000ஐத் தாண்டலாம். திரும்பி வரும்போதும் பல நாள் அட்லாண்டிக் வழியாகக் கிழக்கு நோக்கியே வருவார்கள், ஆக போய்வந்தால் உலகை ஒரு சுற்று சுற்றிய மாதிரி! விமான நிலையத் தரையில் ஊர்ந்து போகும் நேரமும் அந்த 18:40க்குள் அடக்கம்.

மாலை 7 மணி சரிதான். கோடையில் நியூயார்க் நமக்கு 12 மணி நேரம் பின்னால்.

பதில் 2:
என் அம்மாவை இரண்டு வழியிலும் அனுப்பியிருக்கிறேன். முட்டிவலி இருப்பவருக்கு நேர் விமானம்தான் என் ஓட்டு. பிராங்க்ஃபர்ட்டில் கைப்பையோடு இறங்கி மறுபடி ஏற வேண்டும், தனியாக வரும் பெரியவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாமே. நேர் விமானம் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறப்பதற்கானது) ரகம், 161 இருக்கைதான், எகானமியே கிடையாது, விலை கூடுவது அதனால்தான். சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடைபாதை ஓர இருக்கையாக எடுங்கள், மணிக்கொரு தடவை எழுந்து நாலு அடி நடக்கட்டும், அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. அழுத்தக் காலுறை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா, நேர் விமானமே எடுத்துவிடுகிறோம். சர்க்கரை மாத்திரையை எந்த ஊர் நேரப்படி போடுவது?

பதில் 1:
அளவையும் நேரத்தையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும், பயண நேரத்தைச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். அம்மா கட்டுவது முள் கடிகாரமா? அப்படியென்றால் ஜூலையில் அதைத் திருப்பி வைக்கவே வேண்டாம், அங்கேயும் அதே மணிதான் காட்டும், பகல் இரவாகும், அவ்வளவுதான். நவம்பரில் அங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு 13 மணி நேர வித்தியாசம் ஆகிவிடும், அதுவரை தங்கினால் தங்கையிடம் சொல்லி வையுங்கள்.